சைக்கிள் ஓட்டினால் மட்டும் தலைமைப்பண்பு வருமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் 12 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சைக்கிள் குழு தொடங்கப் போகிறீர்கள். ஞாயிறுதோறும் விடியற்காலை கிளம்பி இருபது கிலோமீட்டர் போய்வருவது திட்டம். இதனால் பிள்ளைகளுக்குத் தலைமைப்பண்பும் படிப்பில் ஆர்வமும் வளரும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அது நிஜமா, நிஜமென்றால் எப்படி நடத்துவது என்கிறீர்கள்.

நிஜம்தான். ஆனால் ஞாயிறு சவாரி மட்டும் அதைக் கொடுத்துவிடாது. பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இரண்டு ஊர்களில் குழு நடத்தினேன், முதலாவது எட்டே மாதத்தில் கலைந்துபோனது, இரண்டாவது இன்னும் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: தான் கற்றதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை எப்போது வருகிறதோ அப்போதுதான் பிள்ளைக்குத் தலைமையும் படிப்பும் சேர்ந்து வருகிறது. அந்த நிலையை உண்டாக்கிக் கொடுப்பதுதான் நம் வேலை, சவாரி அதற்கான சாக்கு.

முதல் குழுவில் நாற்பது பேர் சேர்ந்தார்கள். நன்றாக ஓட்டுகிறவர்கள் முன்னால் பறந்தார்கள், மற்றவர்கள் பின்னால் மூச்சு வாங்கினார்கள், மூன்றாம் மாதம் பாதிப் பேரைக் காணோம். சோம்பல் என்று நினைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஏழு வீடு போனேன், ஐந்தில் சைக்கிள் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. ஒன்றில் பஞ்சர், ஒன்றில் பிரேக் கம்பி அறுந்து, ஒன்றில் செயின் துருவேறி. பஞ்சர் ஒட்டக் காசு கேட்டால் அப்பா திட்டுவார் என்று பையன் வராமல் இருந்திருக்கிறான். ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், ஓடவைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் குழுவை என்னால் காப்பாற்ற முடியவில்லை, அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம்தான் மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். எனக்கு மிகவும் உதவியது அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கும் 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' அமைப்பின் முறை. பெயரைப் பார்த்தாலே தெரியும், குண்டு வேண்டாம் சைக்கிள் போதும் என்கிறவர்கள். 1984ல் கார்ல் குர்ஸ் என்ற சைக்கிள் மெக்கானிக்கும் மைக்கேல் ரெப்லோகிள் என்ற போக்குவரத்து வல்லுநரும் சேர்ந்து தொடங்கினார்கள். மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைகளுக்கு அமெரிக்க அரசு உதவி செய்துகொண்டிருந்த நேரம் அது. நாங்கள் சைக்கிள் அனுப்புகிறோம் என்று பழைய வண்டிகளைச் சேகரித்து அங்குள்ள ஆசிரியர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் அனுப்பினார்கள். 1990ல் பாஸ்டனில் இளைஞர்களுக்காக 'எர்ன் எ பைக்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், உழைத்துச் சம்பாதிக்கும் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ வேண்டாமென்று கொடுத்த ஒரு பழைய வண்டியைப் பிள்ளை தேர்ந்தெடுக்கிறது, அக்கு அக்காகக் கழற்றுகிறது, கழுவி கிரீஸ் வைத்து மறுபடி மாட்டுகிறது, பிரேக் சரிபார்க்கிறது, ரோட்டில் ஓட்டும் விதிகளைக் கற்றுக்கொள்கிறது. பயிற்சி முடிந்ததும் அந்த வண்டி அதற்கே சொந்தம். இதுவரை யாரும் யோசிக்கக்கூடியதுதான், சூட்சுமம் அடுத்த படியில் இருக்கிறது: முடித்த பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்கள் சம்பளத்துக்குத் திரும்பி வந்து அடுத்த அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை வாத்தியார். நியூயார்க்கில் 1994ல் தொடங்கிய 'ரீசைக்கிள் எ பைசிக்கிள்' அமைப்பும் இதே வழியில் போனது. 2011ல் அவர்கள்தான் சைக்கிள் இளைஞர்களுக்கென்றே ஒரு மாநாட்டைத் தொடங்கினார்கள், அதில் பிள்ளைகளே மேடையேறி வகுப்பெடுத்தார்கள்.

இலவசமாகவே கொடுத்துவிட்டால் என்ன, எதற்கு உழைக்க வைக்க வேண்டும் என்று கேட்கலாம். இலவசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பீகாரில் 2006ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள், அதை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது சுமார் 30 சதவீதம் கூடியது என்று கணக்குக் காட்டினார்கள், அதிலும் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். நம் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே பிளஸ் ஒன் மாணவிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்து, பிறகு பையன்களுக்கும் விரிவாக்கினார்கள். ஆனால் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவில் நடந்த ஆய்வு ஒன்றைக் கவனியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சைக்கிள் கொடுப்பதற்காகத் தொடங்கிய 'வேர்ல்டு பைசிக்கிள் ரிலீஃப்' அமைப்பு பின்னர் ஜாம்பியாவின் கிராமப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. பள்ளிக்குப் போகும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பள்ளிக்கு வராத நாட்கள் கால்வாசிக்கு மேல் குறைந்தன, கணக்கு மதிப்பெண்ணும் கூடியது. என் வாழ்க்கை என் கையில் என்ற எண்ணம் சைக்கிள் கிடைத்த பெண்களிடம் பொதுவாகவே கூடியிருந்தது. ஆனால் எதிர்காலம் பற்றிய கனவும் தன்னைப் பற்றிய மதிப்பும் கூடியது, குடும்பம் ஒரு சிறு தொகையாவது போட்டு வண்டியை வாங்கிய பெண்களிடம்தான். நம்முடைய பங்கு ஒன்று உள்ளே இருந்தால் அந்தப் பொருள் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. காசு போட முடியாத வீட்டுப் பிள்ளை உழைப்பைப் போடட்டும்.

சரி, நம் ஊரில் பழைய வண்டிக்கு எங்கே போவது? சுற்றிப் பாருங்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போகிற பிள்ளைகளின் சைக்கிள்கள் தெருவுக்கு இரண்டு நிற்கும். காற்றில்லாத டயர், கோழி ஏறி உட்காரும் கேரியர். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மீதியைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கலாம். எங்கள் குழுவின் முதல் பதினாறு வண்டிகள் அப்படி வந்தவைதான். வாத்தியாராக ஊரின் பழைய சைக்கிள் கடைக்காரரையே கூப்பிடுங்கள், கூப்பிட்டுச் சும்மா விடாமல் அரைநாள் சம்பளம் கொடுங்கள். மணிக்கணக்கில் வாடகைக்குச் சின்ன சைக்கிள் விட்டு ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். எங்கள் ஊர்க்காரருக்கு அறுபத்தெட்டு வயது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு விரலை ரிம் ஓரத்தில் வைத்துக்கொண்டே எந்த இடத்தில் கோட்டம் என்று சொல்லிவிடுவார். கையில் ஒரு திறமை உள்ள மனிதரைப் பள்ளி மைதானத்தில் எல்லோரும் 'ஐயா' என்று கூப்பிடுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

சொல்லிக்கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். எங்களிடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரி. டயரைக் கழற்றி, ட்யூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீர் வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டுப் போடுவாள். பத்து நிமிட வேலை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை அவளிடம் விட்டோம். அவன் பார்த்துக்கொண்டே இருந்தவன், "அக்கா, பசை காயுறதுக்கு முன்னாடி ஒட்டுனாதானே நல்லா ஒட்டும், ஏன் காய விடுறீங்க?" என்று கேட்டான். அவளுக்குப் பதில் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்கார ஐயா, காயத்தான் விடணும்மா, அவ்வளவுதான் என்றார். அடுத்த வாரம் அவள் வீணாய்ப்போன ட்யூப் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள், இரண்டு ஒட்டுப் போட்டாள், ஒன்றை ஈரமாக இருக்கும்போதே, இன்னொன்றைப் பசையின் பளபளப்பு போய் மங்கிய பிறகு. கொஞ்ச நேரம் விட்டு இரண்டையும் நகத்தால் உரித்துப் பார்க்கச் சொன்னாள் பையனை. ஈரத்தில் ஒட்டியது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதற்குள் பள்ளியில் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுவைத்திருந்தாள்: சொல்யூஷன் என்பது எளிதில் ஆவியாகிற திரவத்தில் கரைத்த ரப்பர், அந்தத் திரவம் பறந்து போனால்தான் ரப்பரும் ரப்பரும் பிடித்துக்கொள்ளும், உள்ளே மாட்டிக்கொண்டால் பிடிப்பு இருக்காது. இதையெல்லாம் பையனிடம் அவள் சொன்ன விதத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று வருடம் பஞ்சர் ஒட்டியவளுக்கு வராத கேள்வி, சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த முதல் நாளே வந்தது.

கணக்கும் இப்படித்தான் நுழைந்தது. செயின் மாட்டும்போது பல் எண்ணச் சொல்வோம். அவர்கள் எண்ணிய ஒரு வண்டியில் முன்னால் 44, பின்னால் 18. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் எத்தனை சுற்றும்? டயரில் சாக்பீஸ் அடையாளம் போட்டுப் பார்த்தார்கள், இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு மீட்டரும் ஏழு சென்டிமீட்டர் போலவும் போகிறது, ஆக ஒரு மிதிக்கு ஐந்து மீட்டர். மைதானத்தில் கோடு போட்டு, வண்டியைத் தள்ளி, டேப் வைத்து அளந்தால் ஐந்து மீட்டருக்குச் சற்றே மேல் வந்தது. வகுத்தல் என்றாலே ஓடுகிற பையன் ஒருவன், பின்னால் 22 பல் போட்டால் ஒரு மிதிக்கு நாலு மீட்டர்தானே போகும், அப்போ மேட்டில் லேசாக இருக்குமா என்று கேட்டான். இருக்கும். அதைத்தான் கியர் என்கிறோம்.

இனி ரோடு. பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இங்கிலாந்தில் 2007லிருந்து நடக்கும் 'பைக்கபிலிட்டி' பயிற்சியில் மூன்று நிலை வைத்திருக்கிறார்கள்: முதலில் மைதானம், பிறகு அமைதியான தெரு, அப்புறம்தான் நெரிசலான சாலை. இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் நாங்கள் வைக்கும் ஒரு சோதனை, பிள்ளை நேராக ஓட்டிக்கொண்டே போக வேண்டும், பின்னால் ஒருவர் நின்று விரல்களைக் காட்டுவார், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், வண்டி கோட்டை விட்டு விலகக் கூடாது. பத்தில் எட்டுப் பேர் முதல் நாள் வளைந்துவிடுவார்கள். இது வராமல் ஒரு பிள்ளையையும் ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். நெதர்லாந்தில் தொடக்கப்பள்ளி முடிப்பதற்கு முன் பிள்ளைகள் சைக்கிள் தேர்வு எழுதுகிறார்கள், ஓட்டியும் காட்டுகிறார்கள். எண் போட்ட மேலங்கி அணிந்து நிஜத் தெருக்களில் தனியாக ஓட்டிப் போகிறார்கள், முனைக்கு முனை நிற்கும் தன்னார்வலர்கள் கை காட்டினாளா, திரும்பிப் பார்த்தானா என்று குறித்துக்கொள்கிறார்கள். பெரியவர் கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் சாலையில் அது முடியாது, ஆனால் முனையில் நின்று பார்ப்பது என்ற யோசனை நமக்கும் ஆகும்.

குழுவாகப் போகும்போது இரண்டு பொறுப்பு, முன் ஆளும் கடைசி ஆளும். முன் ஆள் வேகத்தை முடிவு செய்கிறார், குழி, லாரி, வேகத்தடை என்று குரல் கொடுக்கிறார். கடைசி ஆள் கருவிப் பையோடு வருகிறார், அவருக்குப் பின்னால் நம் பிள்ளை யாரும் இருக்கக் கூடாது. இரண்டும் பிள்ளைகளே, வாரம் ஒருவர். பெரியவர்கள் நடுவில், ஆறு பிள்ளைக்கு ஒருவராவது. இருப்பதிலேயே வேகமாக ஓட்டும் பையனை முதல் மாதமே கடைசி ஆளாகப் போடுங்கள், முகம் சுருங்கும், பரவாயில்லை. பாதையையும் அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். வியாழன் மாலை இரண்டு பேர், கூட இரண்டு பெரியவர்கள், பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்து நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, நாய் எங்கே என்று குறித்துவர வேண்டும். மூன்று வருடமாக நாங்கள் ஏரிக்கரை வழியாகவே போய்க்கொண்டிருந்தோம். பாதை பார்க்கும் பொறுப்பு முதன்முறையாக இரண்டு பெண்பிள்ளைகளிடம் போனபோது அவர்கள் அதை மாற்றிவிட்டார்கள், ஏரிக்கரையில் கழிப்பறை இல்லை, பஞ்சாயத்துப் பள்ளி வழியில் இருக்கிறது, சாவிக்கும் சொல்லிவிட்டோம் என்றார்கள். அதுவரை பெண்கள் ஏன் நீண்ட சவாரிக்கு வருவதில்லை என்று நான் யோசித்திருக்கிறேனே ஒழிய யாரையும் கேட்டதில்லை. அந்த மாதத்திலிருந்து ஐந்து பேர் கூடுதலாக வந்தார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கலந்த குழுவில் ஸ்பேனர் எப்படியோ பையன் கைக்குப் போய்விடும், பெண் துணியால் துடைத்துக்கொண்டிருப்பாள். பாஸ்டனிலும் இதுதான் பிரச்சினை, அதனால் அவர்கள் பெண்களுக்கென்று தனிப் பயிற்சி வைத்தார்கள். அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் மலைச் சைக்கிள் போட்டிகளை நடத்தும் 'நைக்கா' என்ற அமைப்பும் பெண்கள் சேர்ந்து ஓட்டத் தனி ஏற்பாடு செய்திருக்கிறது. அங்கே எனக்குப் பிடித்த இன்னொன்று, யாரையும் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை, சேர்ந்தவர்கள் அனைவரும் ஓட்டலாம்.

ஆனால் இதற்கெல்லாம் பாஸ்டன்வரை போகத் தேவையில்லை, நமக்கு நம் புதுக்கோட்டை இருக்கிறது. 1991ல் அறிவொளி இயக்கம் அங்கே தொடங்கியபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்துக்குள்ளேயே சைக்கிள் பயிற்சியைக் கொண்டுவந்தார். தொண்டர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள், அவர்கள் கிராமம் கிராமமாகப் போய் வகுப்பெடுக்க வேண்டும், அப்பா, அண்ணன், பஸ் என்று யாரையும் எதையும் எதிர்பார்க்காமல் போக வேண்டும். சைக்கிள் கற்ற பெண் அடுத்த பெண்ணுக்குக் கேரியரைப் பிடித்தாள், அவள் அடுத்தவளுக்கு. குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பள்ளிப் பெண்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேல் கற்றுக்கொண்டார்கள். வங்கிகளைச் சைக்கிள் கடன் கொடுக்க வைத்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். கேலி பேசிய ஆண்கள் இருந்தார்கள், இருந்தும் நின்றுபோகவில்லை. ஒருத்தி ஓட்டினால் கேலி செய்யலாம், ஒரு ஊரே ஓட்டினால் என்ன செய்வது? கற்றவர் கற்றுக்கொடுப்பது என்று பாஸ்டனில் நான் வியந்து படித்ததை நம்மூர்ப் பெண்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியபடியே செய்து முடித்திருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. உங்கள் குழுவில் ஒரு பாட்டியோ அத்தையோ அறிவொளிக் காலத்தில் கற்றவராக இருந்தால் ஒரு நாள் வந்து பேசச் சொல்லுங்கள்.

எங்கே தவறிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி-சர்ட், கொடியசைக்கும் விருந்தினர், விழிப்புணர்வுப் பேரணி இதில் ஆரம்பிக்காதீர்கள், மொத்தப் பணமும் முதல் நாளிலேயே தீர்ந்துவிடும். தலைவர், துணைத்தலைவர் என்று பதவி கொடுக்காதீர்கள், வேலை கொடுங்கள். பதவி ஒருவனிடம் ஒட்டிக்கொள்ளும், வேலை கைமாறும். பிள்ளை நட்டைத் தப்பான பக்கம் திருகும்போது உங்கள் கை தானாகப் போகும், அதற்காகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள், பிரேக் விஷயம் தவிர. பிரேக் மட்டும் பெரியவர் ஒருவர் பார்க்காமல் வண்டி வெளியே போகக் கூடாது. பாஸ்டன் மாதிரி சம்பளம் கொடுப்பதைப் பற்றி யோசித்தேன், 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது, அதனால் எங்களிடம் மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு ஒரு வண்டி என்று வைத்திருக்கிறோம், அந்த வண்டியைக் கட்டுவதும் அவரேதான். பெற்றோரிடம் கையெழுத்து, தலைக்கவசம், எப்போதும் இரண்டு பெரியவர்கள், இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல் நாளுக்கு இருபது பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். இரண்டு பழைய வண்டி, அகலமான ஒரு வாளி, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, 13, 14, 15 அளவு ஸ்பேனர், டயர் நெம்ப இரண்டு நெம்புகோல், கை துடைக்கப் பழைய வேட்டித் துணி. பம்பை மட்டும் நல்லதாக வாங்குங்கள், மலிவான பம்பில் இரண்டே வாரத்தில் வாஷர் போய்விடும், ஆறு பிள்ளைகளும் காற்றில்லாத வண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.